நாராயணப்பா வண்டியின் நீலப் புகை

வண்டி பட்டறைக்கு வருவதற்கு முன்பே அதன் புகை வந்துவிட்டது. பாகலூர் ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே எதிர்ப்பக்க வெல்டிங் கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் அப்போது ஒரு டிராக்டர் இன்ஜின் பிளாக்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்ததும் வண்டி எது என்று தெரிந்துவிட்டது. சில வாரங்களுக்கு முன்புதான் எங்களிடம் இன்ஜின் வேலை முடிந்து போன பிக்கப்.

உத்தனப்பள்ளி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போகிற வண்டி அது. சொந்தக்காரரும் டிரைவரும் நாராயணப்பா ஒருவர்தான். ஓடிக்கொண்டிருந்த வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். புகையைக் காட்டுவதற்காக என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"பாருங்கண்ணா, நீங்களே பாருங்க," என்று எங்கள் முதலாளி தேவராஜ் அண்ணனிடம் சொன்னார். "பழைய இன்ஜின் கருப்பா ஊத்துச்சு. இப்ப நீலமா ஊத்துது. கலர் மாத்தறதுக்கா உங்ககிட்ட குடுத்தேன்?"

"ஆயில் குறையுதுங்களா?"

"குறையுதாவா? டீசல் போடறப்பல்லாம் ஆயிலும் ஊத்தறேன். மண்டிக்காரரு நேத்து சொல்லிட்டாரு, 'நாராயணப்பா, உன் வண்டி வந்தா பூவெல்லாம் ஆயில் வாசம் அடிக்குது, நான் வேற வண்டி பாத்துக்கறேன்'னு. எனக்கு இருக்கறது இந்த ஒரு வண்டிதாண்ணா."

பிறகு அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நம்பிக் கொடுத்த பொருளைத் தவறவிட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஹோனிங் என்றால்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சாந்தி. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஓர் இன்ஜின் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அங்கே புது பிளாக்கை ஹோனிங் மெஷினில் ஏற்றிப் பட்டனை அழுத்தினால் போதும், மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். காண்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்தபின் தேவராஜ் அண்ணனின் ரீபோரிங் பட்டறையில் சேர்ந்தேன். இங்கே வருபவை எல்லாம் ஓடித் தேய்ந்த இன்ஜின்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. சேர்ந்த முதல் நாள் ஒருவர் வந்து, "ஹோனிங் பண்றவரு எங்கங்க?" என்று என்னிடமே கேட்டார். "நான்தான்" என்றேன். "இல்லீங்க, பண்றவரு" என்றார். இப்போது அவருடைய மூன்று வண்டிகளும் என்னிடம்தான் வருகின்றன.

சிலிண்டர் என்பது பிளாக்குக்குள் இருக்கும் உருளை வடிவத் துளை. பிஸ்டன் அதற்குள் மேலும் கீழும் போய்வரும். ஓடி ஓடி அந்தத் துளை ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அதைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து மறுபடியும் வட்டமாக்குவது போரிங். அதற்குப் பிறகு வருவது ஹோனிங். கற்கள் பொருத்திய ஒரு ஹெட், துளைக்குள் சுழன்றுகொண்டே ஏறி இறங்கும். சுவர் முழுக்கச் சாய்வான மெல்லிய கீறல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விழும். கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி இருக்கும். கிராஸ் ஹாட்ச் என்போம்.

சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால்தான் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் அந்தச் சொரசொரப்பில் உரசித்தான் சுவரோடு பொருந்தும். பொருந்திவிட்டால் கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறாது. பொருந்தாவிட்டால் ஏறும், எரியும், நீலமாகப் புகையும்.

ஆகவே நீலப் புகை என்று வந்தால் முதல் பழி ஹோனிங் செய்தவர் தலையில்தான் விழும்.

திறந்து பார்த்தோம்

இன்ஜின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியவர் எங்கள் ஃபிட்டர் மஸ்தான். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட வயதில் சின்னவர், கை சுத்தம். நாராயணப்பா போனதும் அவர் நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. இந்த பிளாக்குக்கு என்னா ஸ்டோன் போட்டீங்க?"

"எப்பவும் போடுறதுதான்."

"ரொம்ப நைஸா போயிருக்குமோ? கடைசியில பாலிஷ் மாதிரி ஆயிருக்குமோ?"

"நீங்க வால்வு சீலைப் பார்த்தீங்களா? அது வழியா ஆயில் இறங்குனாலும் நீலமாத்தான் புகையும். ரிங்கைத் தலைகீழாப் போட்டிருந்தாலும் புகையும்."

நான் இதைச் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. தேவராஜ் அண்ணன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் சேலத்துக்காரர். எவ்வளவு பெரிய பிரச்சினையையும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்.

"ரெண்டு பேரும் வாயால இன்ஜின் பிரிக்காதீங்க. கையால பிரிங்க."

அன்றும் மறுநாளும் மஸ்தானும் நானும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றால்கூட ஸ்பேனரைப் பார்த்துத்தான் கேட்டோம்.

மஸ்தான் முதலில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வால்வு சீல்களை ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டினார். எல்லாம் புதிதாகவே இருந்தன. பிஸ்டன்களை வெளியே எடுத்தார். ரிங்குகள் சரியான பக்கமாகத்தான் இருந்தன. அவர் வேலையில் குறை இல்லை. அடுத்தது என் முறை. பிளாக்கைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தேன். சிலிண்டர் சுவர் பளபளவென்று மின்னியது. விரலை வைத்தால் வழுக்கியது. நான் போட்டிருந்த பின்னலைக் காணவில்லை.

போர் கேஜ் வைத்து அளந்தேன். அளவு மாறவே இல்லை. துளை தேயவில்லை, ஆனால் மேற்பரப்பு மட்டும் கண்ணாடியாகியிருந்தது. இதைத்தான் கிளேஸ் என்போம்.

தேவராஜ் அண்ணன் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

மஸ்தான் டார்ச்சை வாங்கிக்கொண்டு பிளாக்குக்குள் கிட்டத்தட்டத் தலையையே விட்டுவிட்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"அக்கா, இங்க வாங்க. கீழ பாருங்க, அடியில."

பிஸ்டன் எவ்வளவு கீழே வந்தாலும் ரிங் தொடாத ஒரு பகுதி சிலிண்டரின் அடியில் உண்டு. அங்கே டார்ச் வெளிச்சத்தில் கீறல்கள் அப்படியே இருந்தன. சரியான சாய்வு, சரியான ஆழம், பாய்ப் பின்னல் கலையாமல்.

"ஹோனிங் சரியாத்தாண்ணா பண்ணிருக்காங்க," என்று அவர் தேவராஜ் அண்ணனிடம் சொன்னார். "மேல இருக்கறதுதான் மூடிக்கிச்சு. ஆயில் வெந்து பூசிருக்குது." பிறகு என் பக்கம் திரும்பி, "நான் சொன்னத விட்ருங்கக்கா," என்றார்.

"நானும்தான் சொன்னேன்," என்றேன்.

எங்களுக்குள் பிரச்சினை முடிந்தது. ஆனால் இன்ஜினுக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. புது இன்ஜினின் சிலிண்டர் இப்படிக் கண்ணாடியாவதற்கு முக்கியமான காரணம் ஒன்றுதான். வேலையே கொடுக்காமல் சும்மா ஓடவிடுவது. சுமை இல்லாமல் ஐட்லிங்கில் ஓடினால் உள்ளே அழுத்தம் குறைவு. ரிங் சுவரைப் பிடித்து அழுத்தாது. அரைகுறையாக எரிந்த ஆயில் கீறல்களுக்குள் போய்ப் படிந்து வார்னிஷ் மாதிரி காய்ந்துவிடும். அதன்பின் ரிங் பொருந்தவே பொருந்தாது.

ஆனால் நாராயணப்பா தினமும் பூ ஏற்றிப் பெங்களூர் போகிறவர். தேவராஜ் அண்ணன் போன் போட்டுக் கேட்டார்.

"வண்டிய சும்மா ஓடவிடறீங்களாண்ணா?"

"இல்லண்ணா. டெய்லி லோடுதானே."

"வேற எப்படி ஓட்டறீங்க?"

"நீங்கதானே பதமா ஓட்டுங்கன்னு சொன்னீங்க. பதமாத்தான் ஓட்டறேன்."

அது உண்மை. வண்டியைக் கொடுக்கும்போது அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வோம்.

தேவராஜ் அண்ணன் முடிவு சொன்னார். "மறுபடி லைட்டா ஹோன் பண்ணி, புது ரிங் போட்டுக் குடுத்துடலாம். நம்ம பேரு முக்கியம். ஆனா இன்னொரு வாட்டி இது திரும்பி வந்தா என்னால முடியாது. அவராலயும் முடியாது. வண்டிய வித்துடுவாரு."

கிளேஸை எடுத்து, பின்னலைப் புதிதாகப் போட்டேன். சோப்புத்தூள் போட்ட சுடுதண்ணீரில் பிரஷ் விட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டாத வரைக்கும் கழுவினேன். கல் துகள் ஒன்று தங்கினாலும் ரிங்கைத் தின்றுவிடும். மஸ்தான் பூட்டினார். வண்டி புகை இல்லாமல் போனது. ஆனால் எனக்கு மனது ஒப்பவில்லை. எதனால் கெட்டது என்று தெரியாமல் சரிசெய்தது, பாதி வேலைதான்.

சாமந்தித் தோட்டம்

சில நாள் கழித்து நாராயணப்பாவே போன் செய்தார். "புகை இல்லக்கா. லேசா, ரொம்ப லேசா நீலமா தெரியுற மாதிரி இருக்குது. என் கண்ணுதானா என்னன்னு தெரியல."

ரிங்குகள் பொருந்துவதற்கு ஆரம்ப நாட்கள்தான் நேரம். அதைத் தவறவிட்டால் மறுபடியும் கண்ணாடிதான். நான் தேவராஜ் அண்ணனிடம் சொல்லிவிட்டு மதியமே உத்தனப்பள்ளி வழியாகப் போகும் ராயக்கோட்டை பஸ் ஏறினேன்.

அவருடைய தோட்டம் உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சாமந்தி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பெண்கள் குனிந்து பூப்பறித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி பாதையோரத்தில் ஒரு புங்கமரத்தடியில் நின்றது. கிட்டே போகும்போதே சத்தம் கேட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கேபினில் யாரும் இல்லை. பின்னால் ஒரு மூட்டைகூட ஏறவில்லை.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. பறித்த பூவை ஒரு பெண் சாக்கில் கொட்டிக் கட்டினார், அடுத்த சாக்கை எடுத்தார். அவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. நான் பானெட் மேல் கையை வைத்துப் பார்த்தேன். வெகுநேரமாக ஓடுகிற சூடு.

கதவைத் திறந்து சாவியைத் திருப்பி அணைத்தேன்.

தோட்டத்தின் அந்தக் கோடியில் நாராயணப்பா நிமிர்ந்தார். அடுத்த நொடி பாத்திகளை மிதித்துக்கொண்டு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்து அடையாளம் தெரிந்த பிறகும் அவருக்கு மூச்சு அடங்கவில்லை.

"ஏமாயிந்தி? ஏமாயிந்தி?" என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே வந்தவர், சாவியைப் பார்த்ததும், "நின்னுடுச்சா?" என்றார்.

"நிக்கலண்ணே. நான்தான் ஆஃப் பண்ணேன்."

"என்னாத்துக்குக்கா ஆஃப் பண்ணீங்க?"

"நீங்க என்னாத்துக்கு ஓடவிட்டிருக்கீங்க?"

அவர் வண்டியின் படியில் உட்கார்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், ஒரு சாவியைத் திருப்பியதற்கு இப்படி ஆகிறார் என்றால் விஷயம் இன்ஜின் இல்லை என்று எனக்குப் புரிந்தது. நானும் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

"போன்ல கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்க்கா," என்று ஆரம்பித்தார்.

பழைய இன்ஜின் தேய்ந்துபோயிருந்த கடைசி நாட்களில் நடந்தது அது. விடிவதற்கு முன் பூ ஏற்றிக்கொண்டு கிளம்புவார். மகள் ஹேமா ஓசூரில் கல்லூரியில் படிக்கிறாள்; வீட்டில் தெலுங்கு என்பதால் அப்பாவை 'நான்னா' என்பாள். அவளைப் போகிற வழியில் ஓசூரில் அத்தை வீட்டில் இறக்கிவிடுவார். ஒரு நாள் சானமாவு காட்டுப் பகுதியில் யானைகள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன.

"நான் தூரத்துலயே பாத்துட்டேன். பின்னாடி எடுத்துடலாம்னு ரிவர்ஸ் போட்டேன். வண்டி ஆஃப் ஆயிடுச்சு. செல்ஃப் அடிக்கறேன், அடிக்கறேன், எடுக்கல. அந்தச் சத்தத்துக்கு ஒண்ணு திரும்பிச்சுக்கா. நேரா நம்ம கிட்ட வந்துச்சு. நான் அப்பவும் சாவிய விடல, திருப்பிக்கிட்டே இருக்கேன். என் கை என் பேச்சைக் கேக்கல."

"அப்புறம்?"

"ஹேமாதான் என் கையப் புடிச்சு சாவியிலேர்ந்து எடுத்தா. 'சத்தம் பண்ணாத நான்னா'ன்னா. அவ கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. யானை பின்னாடி போயி தார்ப்பாயை இழுத்துச்சு. வண்டியே ஆடிச்சு. நாங்க மூச்சு விடாம உக்காந்திருந்தோம். கொஞ்ச நேரம் நின்னுச்சு, அப்புறம் அதுவா போயிடுச்சு."

வீட்டில் மனைவியிடம் இருவரும் சொல்லவில்லை. தார்ப்பாய் கம்பியில் மாட்டிக் கிழிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார்.

"அன்னிலேர்ந்து அவ பஸ்ல போறாக்கா. என்கூட வரமாட்டேன்னு ஒரு நாளும் சொல்லல. 'பஸ் வசதியா இருக்குது நான்னா'ன்னு சொல்றா." அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். "வண்டி ஓடிக்கிட்டிருந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. நின்னுச்சுன்னா மறுபடி எடுக்குமான்னு நெஞ்சு அடிச்சுக்கும். அதான் தோட்டத்துலயும் நிறுத்தறதில்ல, மண்டியிலயும் நிறுத்தறதில்ல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் நிறுத்துவேன்."

எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. ஆறுதல் சொல்லவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இன்ஜின். அதைச் சொன்னேன்.

"அண்ணே, இந்த இன்ஜின் நின்னா எடுக்கும். அதுக்காகத்தான் இவ்வளவு வேலையும் பார்த்திருக்கோம். ஆனா நீங்க நிறுத்தாம இப்படியே சும்மா ஓடவிட்டா, உள்ள மறுபடி வழுவழுன்னு ஆயிரும். அப்புறம் நிஜமாவே ஒரு நாள் நடுரோட்டுல நிக்கும். நீங்க எதுக்குப் பயப்படுறீங்களோ அதை நீங்களே கொண்டுவந்துட்டிருக்கீங்க."

அவர் எழுந்து சாவியைத் திருப்பினார். ஒரே அடியில் எடுத்தது. அணைத்தார். மறுபடி திருப்பினார். எடுத்தது.

"இங்க எடுக்குதுக்கா," என்றார். "அங்க?"

சுமை

இன்ஜினுக்கு இப்போது தேவை சுமை. நல்ல லோடு ஏற்றி, மேடு ஏற்றி, கியரில் இழுக்கவிட்டால் ரிங்குகள் சுவரை அழுத்தி உரசும். மாட்டுத் தீவனம் ஓசூரிலிருந்து அவர் ஊருக்கு ஏற்றிப்போக ஒரு நடை கிடைத்தது. "நானும் வர்றேன். எப்படி ஓட்டணும்னு பக்கத்துல இருந்து சொல்றேன்," என்றேன். மஸ்தான் ஆயில் அளவையும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை பார்த்துவிட்டார்.

கிளம்புகிற நேரத்தில் ஹேமா வந்தாள். கல்லூரிப் பையோடு பட்டறை வாசலில் நின்றாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டிருந்தாள்.

"லோடு வண்டி நம்ம ஊருக்குத்தான் போகுதுன்னு நான்னா போன்ல சொன்னாரு. பஸ்ஸுக்கு நிக்கறதுக்கு இதுலயே வந்துடலாம்னு," என்றாள். அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நாராயணப்பா ஸ்டீயரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தோம். ஹேமா நடுவில்.

"இந்த மேட்டுல கியர் குறைங்கண்ணே. ஆக்ஸிலேட்டர் குடுங்க. பயப்படாம குடுங்க, இழுக்கட்டும். போதும். இப்ப விட்டுருங்க, அதுவா இறங்கட்டும். மறுபடி குடுங்க." வழி முழுக்க நான் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இன்ஜின் சத்தம் கனமாக, சீராக இருந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

சானமாவு நெருங்கும்போது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வனத்துறைக் காவலர் ஒருவர் கையில் கம்போடு ஒவ்வொரு வண்டியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"வண்டிய ஆஃப் பண்ணுங்க. ஆரன் அடிக்காதீங்க. கீழ இறங்காதீங்க. யானைக் கூட்டம் தாண்டுது."

எங்களுக்கு முன்னால் இருந்த பஸ்ஸின் இன்ஜின் நின்றது. அதற்குப் பின்னால் இருந்த பைக்குகளின் சத்தமும் நின்றது. எங்கள் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாராயணப்பாவின் கை சாவியின் மேல் இருந்தது, ஆனால் திருப்பவில்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. காவலர் எங்கள் ஜன்னலுக்கு வந்தார்.

"உங்களத்தாங்க. காதுல விழல?"

நான் சொல்லியிருக்கலாம். இன்ஜின் நன்றாக இருக்கிறது, எடுக்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அவருக்கு என் வார்த்தை எந்த உதவியும் செய்யாது என்று தோன்றியது. ஹேமா அவர் முழங்கையைத் தொட்டாள்.

"நான்னா, ஆஃப் செய்யி."

அணைத்தார்.

காட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. தூரத்தில் மூங்கில் முறியும் சத்தம். பிறகு மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தன. முதலில் பெரியது ஒன்று, அதன் பின்னால் சில, நடுவில் குட்டி ஒன்று. எந்த அவசரமும் இல்லை. தார் ரோட்டை நாம் வீட்டு முற்றத்தைத் தாண்டுவது போலத் தாண்டின. குட்டி மட்டும் ரோட்டின் நடுவில் நின்று வண்டிகளைப் பார்த்தது. பின்னால் வந்தது அதைத் தள்ளிக்கொண்டு போனது. நாராயணப்பா கண்ணை மூடியிருந்தார். ஹேமா மூடவில்லை. அவளுடைய கை அப்பாவின் கைமேல் இருந்தது.

காவலர் கம்பை ஆட்டினார். முன்னால் பஸ் கிளம்பியது. பைக்குகள் கிளம்பின. பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

நாராயணப்பா சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மகளிடம், "நீயே போடும்மா," என்றார்.

ஹேமா குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். எடுத்துவிட்டது.

அவர் கியர் போட்டார். காட்டைத் தாண்டி வெகுதூரம் வந்தபிறகு ஹேமா தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். என்ன என்று கேட்டேன்.

"அந்தக் குட்டி நம்ம வண்டிய அடையாளம் பாத்துச்சாம். 'பூ எங்க, இன்னிக்கு தவிடா'ன்னு கேட்டுச்சாம்."

ஊரில் மூட்டைகளை இறக்கியதும் சைலன்சர் குழாய்க்குள் துணியைவிட்டுத் துடைத்துப் பார்த்தேன். வறண்ட கரிதான் ஒட்டியது. ஆயில் ஈரம் இல்லை. அதற்கடுத்த வாரங்களில் அவர் டிப்ஸ்டிக்கைப் பார்த்து போன் செய்துகொண்டே இருந்தார். ஆயில் மட்டம் குறைவது நின்றது. மண்டிக்காரர் மறுபடி பூ ஏற்றச் சொன்னார். ஹேமா சில நாள் அப்பா வண்டியில் வருகிறாள், சில நாள் பஸ்ஸில். பஸ்ஸில் வருகிற நாளில் நிஜமாகவே பஸ் வசதியாக இருப்பதால்தான் என்கிறாள். சானமாவு கதையை இப்போது அவளே எல்லோரிடமும் சொல்கிறாள், அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். அதனால்தான் நானும் இங்கே எழுதுகிறேன்.

இப்போது செய்வது

இந்த வேலைக்குப் பிறகு எங்கள் பட்டறையில் சில மாற்றங்கள் செய்தோம். "பதமா ஓட்டுங்க" என்று வெறுமனே சொல்லி அனுப்புவதில்லை. பதம் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. புது இன்ஜினைச் சும்மா ஓடவிடக் கூடாது, அளவான லோடு கொடுத்து இழுக்கவிட வேண்டும், எங்கே எப்போது கியரைக் குறைக்க வேண்டும் என்று வண்டியில் கூடவே ஒரு சுற்றுப் போய்க் காட்டிவிடுகிறோம். மஸ்தான் இதில் என்னைவிடக் கண்டிப்பு.

நான் கற்றுக்கொண்டது இன்னொன்று. வண்டி வந்ததும் நாம் கேட்கிற கேள்விகள் எல்லாம் வண்டியைப் பற்றியவை. எவ்வளவு ஓடியது, எவ்வளவு ஆயில் குடிக்கிறது, என்ன நிறத்தில் புகைகிறது. இவையெல்லாம் வேண்டும். ஆனால் இன்ஜினை நாம் எப்படிப் பின்னிக் கொடுத்தாலும் அதை ஓட்டப்போவது ஒரு மனிதர். அவருக்கு அந்த வண்டியில் என்ன நடந்தது என்று தெரியாமல் நம் வேலை முடிவதில்லை. ஆகவே பிளாக்கில் ஹோனிங் கல்லை வைப்பதற்கு முன் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்.

போன வாரம் ஜவளகிரியிலிருந்து பால் வண்டி ஓட்டுகிற ஒருவர் இன்ஜின் வேலைக்கு வந்திருந்தார். அளவெல்லாம் எடுத்து முடித்தபின், "வண்டி நின்ன அன்னிக்கு என்னண்ணே நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"என்னாங்க நடக்கும், நின்னுச்சு," என்றார்.

நான் போர் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கேட்டீங்கல்ல, சொல்றேங்க," என்றார்.